பூசாரி பட்டியலில் இல்லாதது

மலிவாகக் கொடுக்கிறவனை யாரும் நம்புவதில்லை, பாய். விருதுநகர் பருப்புக்கடைத் தெருவில் நான் கற்ற முதல் பாடம் அதுதான். என் அப்பா நல்ல துவரையைக் கடை வாசலில் வைக்க மாட்டார். உள்ளே, பின்சுவர் ஓரமாக, சாக்குப் போட்டு மூடி வைத்திருப்பார். வருகிறவன் கண் நேரே அங்கேதான் போகும். "அது என்ன அண்ணாச்சி?" என்பான். "அது உங்களுக்கு வேண்டாம், கட்டாது" என்பார். அதற்குப் பிறகு அந்த ஆள் அதை வாங்காமல் தெருவைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்று அந்த மேசைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி கேட்டால், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லுங்கள். கேள்வி ஒன்றுதான். மசாஃபி மலைச்சாலையில் கவிழ்ந்து கிடந்த காரில், செத்துப்போன கார்மேகத்தின் பக்கத்தில், லேபிள் இல்லாத ஒரு பாட்டில் கிடந்திருக்கிறது. அதைக் கொடுத்தது யார்? நான்தான் கொடுத்தேன். இத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஒரே சொல்லில் முடிகிற பேரத்தில் யாரோ ஒருவன் ஏமாந்திருக்கிறான் என்று அர்த்தம். நீங்கள் காயல்பட்டினத்துக்காரர், கோர்ட்டில் இத்தனை வருடம் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறீர்கள். நான் மெதுவாகச் சொல்கிறேன், நீங்கள் அரபியில் எழுதிக்கொள்ளுங்கள். சுருக்க வேண்டாம்.

என் பெயர் விஜயபாஸ்கர். பதினெட்டு வருடமாகப் புஜைராவில் இருக்கிறேன். கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு அரிசி, கோழி, வெங்காயம், சோப்பு எல்லாம் அனுப்புகிற கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பு என்னுடையது. கப்பல்காரர்களுக்குப் போகிற மதுவும் என் பூட்டுக்குள்தான் இருக்கும். அது கடலுக்குத்தான் போக வேண்டும். கரையில் ஒரு பாட்டில் சிந்தினாலும் எனக்குச் சிறை, அப்புறம் ஊருக்கு விமானம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

காசிராஜன் என் தம்பி. என்னைவிடப் பதினோரு வயது இளையவன். நான்தான் விசா எடுத்து வரவழைத்தேன். எண்ணெய்த் தொட்டி கட்டுகிற கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. கார்மேகம் அங்கே ஃபோர்மேன். முதுகுளத்தூர்ப் பக்கம், ஆறடிக்கு மேல் உயரம், நன்றாகக் குடிப்பான், குடித்தால் அதைவிட நன்றாகப் பாடுவான். இருவரும் கேம்பில் ஒரே ரூம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதச் சாயங்காலம் கம்பெனி பிக்கப் மசாஃபி இறக்கத்தில் உருண்டது. தம்பி அங்கேயே போய்விட்டான். கார்மேகத்துக்கு இடது கை முறிந்தது. இரண்டு பேர் இரத்தத்திலும் மது இருந்தது. ஓட்டியது யார் என்று கேட்டார்கள். கார்மேகம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, காசிதான் ஓட்டினான் என்றான். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. ஃபைலை மூடிவிட்டார்கள்.

என் தம்பி பாட்டில் மூடியைக்கூட மோந்து பார்க்காதவன். லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊரில் அவன் மனைவி அகிலா, மடியில் ஒரு வயதுக் குழந்தை. துக்கம் கேட்க வந்தவர்கள் உள்ளே போய் அழுதார்கள், வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "துபாய்க் காசு இப்படித்தான், குடிச்சிட்டு ஓட்டியிருக்கான்" என்றார்கள். பதினாறாம் நாள் அன்றைக்கு என் காதுபடவே சொன்னார்கள். எங்கள் தெருவில் சரக்குக்கு ஒரு பேர் விழுந்தால் விழுந்ததுதான். புழு வைத்த மூட்டை என்று ஒருவன் சொல்லிவிட்டால், நீ நெல்லையே தங்கமாக மாற்றினாலும் அது புழு வைத்த மூட்டைதான்.

ஊரிலிருந்து திரும்பி வந்து, தம்பியின் சாமான்களை வாங்கப் போலீஸ் யார்டுக்குப் போனேன். பிக்கப் அங்கே நின்றது. ஓட்டுகிறவன் இருக்கை, அடியில் அது நகர்கிற தண்டவாளத்தில் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. என் தம்பி ஐந்தடி மூன்று அங்குலம். அதில் அவன் உட்கார்ந்தால் பிரேக்கைக் கால் விரலால்கூடத் தொட முடியாது. ஆறடி ஆள்தான் அதில் உட்கார்ந்திருக்க முடியும். அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. குறையைக் கண்ட உடனே கத்துகிறவன் சில்லறை வியாபாரி. மொத்த வியாபாரி மூட்டையைப் பழையபடி தைத்து வைத்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வருவான். அவனுக்கு அடுத்த லோடு இருக்கிறது.

அந்த அடுத்த லோடு தானாகவே என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. கார்மேகம் கை கட்டோடு ஊருக்குப் போய் நாலு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைத் தட்டினான். கையில் ஒரு பை நிறையப் பனங்கிழங்கு.

"அண்ணாச்சி, உங்க மூஞ்சியில முழிக்க எனக்கு யோக்கியதை இல்லதான். வராம இருக்கவும் முடியல."

"வாசல்ல நின்னு என்ன பேச்சு. உள்ள வா."

வந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தான். என் தண்ணீர்க் குழாயைச் சரி செய்வான், மீன் கழுவுவான், பேசாமல் உட்கார்ந்திருப்பான். ஆள் குடியை விட்டிருந்தான். ஈரல் பாதிதான் மிச்சம், இனித் தொட்டால் அவ்வளவுதான் என்று மதுரையில் டாக்டர் சொல்லியிருக்கிறார். பெண்டாட்டி செல்லம் மகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போயிருந்தவள், இரண்டு வருடம் தொடாமல் இருந்து காட்டினால் வருகிறேன் என்றிருக்கிறாள். அவன் நேரே முனியப்பன் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

கயிறு என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டும், பாய். குடியை விடுகிறவன் ஈரத்துணியோடு சாமி முன்னால் நிற்பான். பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டுவார். சத்தியம் செய்து கொடுத்த பிறகு மீறினால் முனியப்பன் பார்த்துக்கொள்வார். டாக்டருக்கு அடங்காதவன் அந்தக் கயிற்றுக்கு அடங்குவான், நானே பார்த்திருக்கிறேன்.

"பூசாரி வரிசையாச் சொல்லுவாரு அண்ணாச்சி, நாம திருப்பிச் சொல்லணும். பிராந்தி தொட மாட்டேன். விஸ்கி தொட மாட்டேன். ரம்மு, ஜின்னு, பீரு, கள்ளு, பட்டச் சாராயம். எம் பக்கத்துல நின்னவன் கஞ்சாவையும் அவனாவே சேத்துக்கிட்டான். 'அதுக்கு வேற கயிறுடா, தள்ளி நில்லு'ன்னுட்டாரு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"ஒயின் சொன்னாரா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "எங்க பக்கம் அத யாரு குடிக்கா. சொல்லல."

"சரி விடு, டீ ஆறுது."

அவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை. நேர்த்திக்கடனில் ஓட்டை தேடுவது எங்கள் ஜனத்துக்குப் புதிதல்ல. என் பெரியப்பா திருச்செந்தூரில் ஆட்டுக்கறியை விடுவதாக வேண்டிக்கொண்டார். வேண்டிய நாளிலிருந்து எங்கள் தெருவில் கோழிக்கு ஆயுசு குறைந்துபோனது. முருகன் ஒன்றும் கேட்கவில்லை. சாமியிடம் நாங்கள் பேரம்தான் பேசுகிறோம், பேரத்தில் சொன்னது மட்டும்தான் செல்லும்.

இப்போது அந்தப் பாட்டிலுக்கு வருகிறேன். ஜார்ஜியா என்று ஒரு நாடு, மலைநாடு. அங்கிருந்து ஸுராப் என்று ஒரு கேப்டன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் கடலில் வந்து நிற்பார். அவருக்கு என் வீட்டு எலுமிச்சை ஊறுகாய் என்றால் உயிர். ஒரு முறை ஒரு பரணி கொடுத்தேன், பதிலுக்கு அவர் மாமன் தோட்டத்து ஒயினில் ஆறு பாட்டில் கொடுத்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் பண்டமாற்றுதான். தோட்டம் ஏறக்குறைய ஏற்காடு உயரத்தில் இருக்கிறதாம். மலையைப் படிப்படியாக வெட்டிக் கல் அடுக்கிய தோட்டம். பகலில் வெயில் சுடும், சாயங்காலம் ஆனால் பல் தந்தியடிக்கும். அந்தக் குளிருக்குப் பயந்து திராட்சை தோலைத் தடிமனாக வளர்த்துக்கொள்ளும், பழம் கறுத்துப்போகும். கீழ்நாட்டில் பறித்து முடித்த பிறகுதான் அங்கே பழுக்கவே தொடங்கும். ஒரு முழு மரத்தைக் குடைந்து தொட்டியாக்கி, அதில் போட்டுக் காலால் மிதிப்பார்கள். சாறும் தோலும் விதையுமாக மண் தாழியில் ஊற்றி மூடி விடுவார்கள். தாழி தரைக்குள் கழுத்தளவு புதைந்திருக்கும். உள்ளே தேன்மெழுகு பூசியிருக்கும். மேலே கல் வைத்துக் களிமண்ணால் அடைத்துவிட்டால், பனி உருகிய பிறகுதான் திறப்பது. வேறு ஒன்றும் சேர்ப்பதில்லை. கேப்டன் கைபேசியில் படம் காட்டினார். வரிசையாகப் புதைந்த தாழிகள். நம் ஊரில் இதே தாழியில் செத்தவர்களை வைத்துப் புதைத்தார்கள் என்றேன். எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

பாட்டிலின் வாயில் சிவப்பு மெழுகு உருக்கி ஊற்றியிருக்கும், லேபிள் கிடையாது. ஒன்றை எடுத்து வீட்டு அலமாரியில், சாமான்களுக்குப் பின்னால், ஒரு மஸ்லின் துணி போட்டு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கார்மேகம் வந்தான், பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் பார்த்தான். மூன்றாம் வாரம் அவனாகவே கேட்டான்.

"அது என்ன அண்ணாச்சி, மறைச்சு வச்சிருக்கீக?"

"அது உனக்கு வேண்டாம்."

"சாராயமா?"

"திராட்சை ரசம். ஒரு மலைக்காரர் கொடுத்தது. உனக்கெதுக்கு அது, நீ கயிறு கட்டினவன்."

அன்று அவன் போய்விட்டான். அடுத்த வாரம் வந்தான். நான் எனக்கு மட்டும் ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றிக்கொண்டு, தாழியையும் மலையையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கிளாஸைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதற்கு அர்த்தம் தேடவில்லை.

"ஒரு மூடி குடுங்க அண்ணாச்சி."

"மாட்டேன்."

"அரை மூடி. பூசாரிதான் இதச் சொல்லலியே."

"முனியப்பன் கேட்டா என்ன சொல்லுவே?"

"அண்ணாச்சி வீட்ல குடிச்சேம்பேன்."

மூன்று முறை மறுத்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, அரை மூடி ஊற்றினேன். வாங்குகிறவன் தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு போக வேண்டும். அதுதான் வியாபாரம். அவன் அதை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். கண்ணில் தண்ணீர் வந்தது. குடியை விட்டவனுக்கு முதல் சொட்டில் அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும் அண்ணாச்சி. உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு, பாய். அந்த நல்ல மனசை அரபியில் எழுத வேண்டாம்.

அரை மூடி ஒரு மாதத்தில் கிளாஸ் ஆனது. கிளாஸ் இரண்டானது. நான் ஒரு நாளும் "குடி" என்று சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் அவன் கேட்க வேண்டும், நான் வேண்டாம் என்க வேண்டும், அவன் குறைத்துக் கேட்க வேண்டும், நான் இறங்கி வர வேண்டும். ஒரு ஞாயிறு தவறாமல் நடந்தது. அவன் மறுபடி பாட ஆரம்பித்தான். ஆடி மாதத்தில் அவன் கண் வெள்ளை மஞ்சளானது. ஐப்பசியில் கால் வீங்கி, செருப்பைக் கழற்றினால் பாதத்தில் வார் பதிந்த தடம் அப்படியே நிற்கும். கால் வீக்கத்துக்கு உப்பைக் குறை என்றேன். இந்த நாட்டில் யாராவது அவனிடம் அக்கறையாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே.

இந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: நான் அவனைக் கொல்லத்தான் ஊற்றினேன். என் தம்பி பேரில் குடிகாரன் என்று எழுதியவன், குடிகாரனாகவே சாக வேண்டும். அவன் ஊரில் செருப்பை மாட்டிக்கொண்டே நாலு பேர் அதைச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசை இருந்ததில்லை.

போன மாதம் அவன் ஒரு காகிதத்தைக் காட்டினான். செல்லத்துக்கும் மகளுக்கும் விசிட் விசா வந்துவிட்டது. இரண்டு வருடம் முடிகிறது. அவளிடம் தொலைபேசியில், சத்தியமாக எதையும் தொடவில்லை என்று சொல்லியிருக்கிறான். அவளும் நம்பிப் புறப்படுகிறாள். எனக்குத் தெரியும், அவள் வந்துவிட்டால் இந்த ஆள் பிழைத்துவிடுவான். மஞ்சள் கண்ணைப் பார்த்த அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்விடுவாள். நான் எட்டு மாதம் பொறுமையாக அடுக்கியது ஒரு பெண்பிள்ளை விமானம் இறங்கினால் சரிந்துவிடும்.

கடைசி ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வந்தான். புதுச் சட்டை. யாரிடமோ இரவல் வாங்கிய கார். ஷார்ஜா ஏர்போர்ட்டில் ஐந்தேகாலுக்கு விமானம்.

"இன்னைக்கு ஒரு கிளாசு. இதோட தலை முழுகிட்டேன் அண்ணாச்சி. அவ வந்தப்புறம் வாசனை பிடிச்சிருவா."

அன்று நான் மறுக்கவில்லை. கிளாஸ் நிறைய ஊற்றினேன். குடித்துவிட்டுக் கீழே வைத்தான்.

"ஒரு விசயம் பேசிருவோம். ரெண்டு வருசமா நீங்க கேக்கல, நானும் சொல்லல."

"சொல்லு."

"நாந்தான் ஓட்டினேன்னு நெனைக்கிறீக."

"சீட்டைப் பார்த்தேன், கார்மேகம்."

அவனுக்கு உடனே புரிந்தது. எழுந்து வந்து தரையில் என் காலடியில் உட்கார்ந்தான். அவ்வளவு உயரமான ஆள் தரையில் உட்கார்ந்தால் இடம் அடைத்துப்போகும்.

"வண்டி உருண்டு நின்னதும் அவன் காலு உள்ள மாட்டிக்கிருச்சு. எனக்கு ஒரு கை முறிஞ்சு தொங்குது. சீட்டப் பின்னால தள்ளினாத்தான் காலு வெளிய வரும். தோள வச்சுத் தள்ளினேன் அண்ணாச்சி. காலு வந்துச்சு. அவன் வரல."

நான் இன்னொரு கிளாஸ் ஊற்றினேன். அவன் தன்னையறியாமல் அதையும் குடித்தான்.

"அவன் குடிக்கிறவனே இல்லேல்ல. நானும் சொன்னேன், வேணான்டா, நான் ஓட்டறேன்னு. நீ மொடாக்குடியன், நான் ரெண்டு மடக்குத்தான்னான். அது அவன் மகளுக்குக் காது குத்துன்னு நீங்க குடுத்துவிட்ட பாட்டிலு. செவப்பு மெழுகு. 'அண்ணன் குடுத்தது, தள்ளக் கூடாது'ன்னுக்கிட்டே குடிச்சான். லைசென்சு வந்த சந்தோசம் வேற."

நான் பாட்டில் வாயில் மிச்சமிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினேன்.

"பாட்டிலு எங்க வாங்கினதுன்னு போலீசு கேட்டாக. யாரோ ரோட்ல வித்தான், மொகம் தெரியலேன்னுட்டேன். உங்க பேரச் சொன்னா நீங்க உள்ள போயிருவீக. அகிலாவுக்கும் பிள்ளைக்கும் ஒங்கள விட்டா யாரு இருக்கா."

"அப்புறம் ஏன் இங்க வந்து குடிச்சே?"

"மொத நாளு நாக்குல வச்சதுமே தெரிஞ்சுச்சு, அதே சரக்குன்னு. சரி, அண்ணாச்சி வாயத் திறந்து அழ மாட்டாக, தம்பி குடிச்சத எங்கூட ஒக்காந்து குடிச்சாத்தான் மனசு ஆறும்போல, அத எங்கிட்டச் சொல்லத் தெரியலன்னு நெனச்சேன். கயித்துல ஒயினு இல்லேன்னு சொன்னது சும்மா. கடேசில பூசாரி 'மத்த எந்தக் குடியும்'னு ஒரு வரி சொல்லுவாரு. அதையும் திருப்பிச் சொன்னவன்தான் நான்."

ஒரு வியாபாரிக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது, பாய். எட்டு மாதம் நான் சாக்குப் போட்டு மூடி, மறுத்து, முகம் சுளித்து, இறங்கி வந்து விற்றேன். அந்த ஆள் ஏமாறவே இல்லை. என்ன சரக்கு என்று தெரிந்தே, எனக்காக வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

அவன் சொன்னது பொய் என்று முடிவு செய்தேன். வாங்குகிறவன் கதை சொல்வது விலையை இறக்கத்தான், அது சின்ன வயதிலிருந்து நான் பார்ப்பது. அப்படி முடிவு செய்துவிட்டு மூன்றாவது கிளாஸையும் விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். "செல்லம் பேரைச் சொல்லி, கடைசி" என்றேன். குடித்தான். மணி இரண்டரை. எழுந்தான், சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"தல சுத்துது அண்ணாச்சி. நீங்க வண்டிய எடுங்களேன். இல்லேன்னா இங்கனயே செத்த படுத்துக்கிறேன், நீங்க மட்டும் போயிக் கூட்டியாந்திருங்க."

"எனக்குப் போர்ட்ல லோடு இருக்கு. முகத்தைக் கழுவு. ரெண்டு வருஷம் கழிச்சு வர்றா, நீயே போய் முன்னால நின்னாத்தான் மரியாதை."

அந்தச் சொல் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். முகத்தைக் கழுவினான். சாவி என் மேசையில் இருந்தது. எடுத்து அவன் கையில் வைத்து விரல்களை மூடினேன். கீழே வரை போய், மீதி அரை பாட்டிலைப் பக்கத்து இருக்கையில் நானே வைத்தேன். தம்பியின் பிக்கப்பில் ஒரு பாட்டில் கிடந்தது, இதிலும் ஒன்று கிடக்கட்டும் என்று தோன்றியது. "மெதுவாப் போ" என்று சொன்னேனா என்று கேட்டீர்கள். சொன்னேன். வாசலில் காவலாளி நின்றுகொண்டிருந்தான்.

ஒரு மணி நேரம் கழித்து நான் என் காரில் கிளம்பினேன். போர்ட்டில் லோடு ஒன்றும் இல்லை. மசாஃபி தாண்டி ஒரு வளைவில் போலீஸ் வண்டியும் ஆம்புலன்ஸும் நின்றன. முன்னால் போன வண்டியெல்லாம் மெதுவாகப் போயின, நானும் மெதுவாகப் போனேன். புதுச் சட்டையின் நிறம் தெரிந்தது. நிறுத்தவில்லை. ஏர்போர்ட்டில் யாராவது நிற்க வேண்டும் அல்லவா.

செல்லம் தள்ளுவண்டியில் இரண்டு அட்டைப்பெட்டியோடு வந்தாள். மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்.

"அவுக வரலியா அண்ணாச்சி?"

"டூட்டி. திடீர்னு போட்டுட்டான். என்னைய அனுப்பினான்."

"உண்மையிலேயே விட்டுட்டாகளா? உங்ககிட்ட மறைக்க மாட்டாக."

"என் கண்ணால ஒரு நாளும் பார்த்ததில்ல, தாயி" என்றேன். பிள்ளைக்கு மாம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். திரும்பும்போது வேறு சாலையில் சுற்றிக்கொண்டு வந்தேன். அந்த வளைவை அவர்கள் பார்க்க வேண்டாம் என்றுதான். இதைக் கல் நெஞ்சக்காரன் செய்வானா என்று அதிகாரியிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவுதான் நடந்தது. அவனை நான் கொன்றேன். அரை மூடியில் தொடங்கி எட்டு மாதம் கொன்றேன், கடைசி நாள் சாவியைக் கையில் கொடுத்துக் கொன்றேன். என் தம்பிக்காகச் செய்தேன். இதில் எந்தச் சொல்லையும் நான் திருப்பி வாங்கப் போவதில்லை. கையெழுத்துக் கேளுங்கள், போடுகிறேன். எந்தத் தண்டனை சொன்னாலும் குறைத்துக் கேட்க மாட்டேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும், பாய். அந்தக் காது குத்துப் பாட்டில். அதை நீங்கள் எழுதிவிட்டீர்கள், இங்கிருந்தே தெரிகிறது, மேலிருந்து நாலாவது வரி. அதை மட்டும் அடித்துவிடுங்கள். வழக்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இந்தத் தாள் தமிழாகி எப்படியாவது ஊருக்குப் போகும். அகிலா போன வாரம்கூடத் தொலைபேசியில் கேட்டாள். ஓட்டியது யார் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. "அவருக்கு அதைக் குடிக்கக் கொடுத்தது யாரு, பெரியத்தான்?" என்றுதான் கேட்கிறாள், இரண்டு வருடமாக. கார்மேகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். இப்போது அதை மறுக்கவும் ஆள் இல்லை.

சும்மா கேட்கவில்லை, பதிலுக்குத் தருகிறேன். நினைவில்லாமல் கிடந்தவனை நானே தூக்கிக் காரில் வைத்து, இன்ஜினைப் போட்டு, மலைச்சாலைப் பக்கம் திருப்பிவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தூக்கே ஆனாலும் ஆகட்டும். அந்த நாலாவது வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.